காவடியும் கூட்டுறவும்

"ஏனுங்க, சாமிக்கு எதுக்குங்க கமிட்டி?" என்று பொள்ளாச்சிப் பக்கத்து நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். திருப்பணிக் குழுவார் வசூல் நோட்டோடு அவர் வீட்டுக்கு வந்துவிட்டுப் போன சமயம் அது. கேள்வியில் எரிச்சல் இருந்தது வாஸ்தவம்தான். ஆனால் பெரிய தத்துவ விசாரம் ஒன்றும் அதற்குள் ஒளிந்திருந்தது. பக்தி என்பது ஒருவன் தன் மனசுக்குள் செய்துகொள்கிற ஏற்பாடு. கூட்டுறவோ கணக்கு, ரசீது, தலைவர், பொருளாளர் என்று வெளியே தெரிகிற ஏற்பாடு. இரண்டும் எந்த இடத்தில் சந்திக்கின்றன?

சென்னிமலைக்குப் போனால் பாதி விடை கிடைக்கும் என்பது என் அபிப்பிராயம். மலைமேல் முருகன், அடிவாரத்தில் கைத்தறி. அங்கே நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பல உண்டு. தறி அவரவர் வீட்டில். மிதிப்பது அவரவர் கால். நூல் வாங்குவதும், நெய்த படுக்கை விரிப்பை விற்பதும் சங்கத்தின் வேலை. தேவராய சுவாமிகளின் கந்த சஷ்டி கவசம் அரங்கேறியது இந்த மலையில்தான் என்பது ஊர் வழக்கு. பிற்பாடு அது சூலமங்கலம் சகோதரிகளின் குரலில் இசைத்தட்டாகி, இன்று டொரான்டோவிலும் லண்டனிலும் தமிழர் வீடுகளில் ஒலிக்கிறது. அதைக் கடல் கடத்தவேண்டும் என்று எந்தக் கமிட்டியும் தீர்மானம் போடவில்லை.

தைப்பூசத்தை ஒட்டிக் கொங்கு நாட்டுச் சாலைகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது இன்னும் தெளிவாகப் புரியும். பல்லடம், தாராபுரம், உடுமலை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் பழனியை நோக்கிப் பச்சையும் காவியுமாக ஜனங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நேர்த்திக்கடன். ஒருத்திக்குக் குழந்தை பிழைத்தது. ஒருவருக்குக் கிணற்றில் தண்ணீர் ஊறியது. அதை மற்றவர் கேட்பதில்லை. ஆனால் வழியில் நீர்மோர் கொடுக்கிறவர், முன்னதாகப் போய் உலை வைக்கிறவர், கொப்புளம் கண்ட காலுக்கு எண்ணெய் தடவுகிறவர் இல்லாமல் எந்தக் காவடியும் மலையேறாது. எடப்பாடிக் காவடிக் கூட்டத்தார் மலைமேலேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் தயாரித்து, ஓர் இரவு அங்கே தங்கும் உரிமை பெற்றவர்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தம்கூடப் பல ஊர்களின் கூட்டு முயற்சிதான். கவுந்தப்பாடிக் கரும்புக்காரரின் நாட்டுச் சர்க்கரையும் விருப்பாச்சி மலை வாழையும் ஒன்றை ஒன்று தேடிக்கொண்டு வந்து சேர்கின்றன. நேர்ந்துகொள்வது தனி ஆள், நடப்பது ஊர்.

இந்த ஊர்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலேறியது. கங்காணிகளின் பின்னால் மலாயாத் தோட்டங்களுக்கும், ஒப்பந்தக் கூலிகளாக மொரீஷியஸுக்கும் நேட்டாலுக்கும் போனவர்கள் சமயப் பிரசாரகர்கள் அல்லர். வயிற்றுக்காகப் போனவர்கள். கூலியில் பிடித்து வைத்த காசில் தோட்டத்து ஓரமாக ஒரு கோயிலை எழுப்பினார்கள். வசதி படைத்தவர்களும் தோள் கொடுத்தார்கள். தம்புசாமிப் பிள்ளை 1891-இல் கோலாலம்பூருக்கு அருகே பத்துமலைக் குகையில் முருகனை நிறுவினார். மறு வருஷமே அங்கே தைப்பூசம் நடந்தது. பினாங்கில் நகரத்தார் வெள்ளித் தேர் இழுத்தார்கள்.

இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு. பக்திவேதாந்த சுவாமி 1965-இல், அறுபத்தொன்பதாம் வயதில், சரக்குக் கப்பலில் அமெரிக்கா போனார். மறு வருஷம் நியூயார்க்கில் கிருஷ்ண பக்திக்கு ஒரு ஸ்தாபனம் அமைத்தார். புத்தகம், கிளை, நிர்வாகக் குழு என்று திட்டமிட்ட வேலை. பலன், கோவை வீதிகளிலேயே இன்று ஜகந்நாதர் தேர் ஓடுகிறது. அந்தக் கண்ணன் பல ஜாதி, பல தேசத்து மனிதர்களை எட்டினான். நம் முருகனோ பெரும்பாலும் தமிழன் போன இடத்துக்குத்தான் போனான். பினாங்கில் சீனர்களும் தேருக்கு முன்னால் தேங்காய் உடைக்கிறார்கள் என்பது ஒரு நல்ல விதிவிலக்கு.

ஆனால் என் மனசை உறுத்துவது எண்ணிக்கை அல்ல. கூட்டுறவுச் சங்கத்தில் ஓர் அருமையான விதி இருக்கிறது. ஒரு பங்கு வைத்திருப்பவனுக்கும் நூறு பங்கு வைத்திருப்பவனுக்கும் ஓட்டு ஒன்றுதான். பக்தியில் அப்படி நடத்தியிருக்கிறோமா? மதுரைக் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஹரிஜனங்களை அழைத்துப் போனது 1939-இல். சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் முழுமையாக வந்தது 1947-இல். அதற்கு முன்னால், பண்ணையத்தில் கரும்பு வெட்டிய கைக்கு அந்தச் சர்க்கரை போய்ச் சேர்ந்த சந்நிதி எட்டாக்கனி. அவன் உழைப்பு வேண்டும், அவன் ஓட்டு வேண்டாம் என்றால் அதற்குக் கூட்டுறவு என்று பெயரில்லை. சாதிப் பெயர் தாங்கிய மடங்கள் பழனி அடிவாரத்தில் இன்றும் இருக்கின்றன. ஒரே சாலையில் நடந்து வந்தவர்கள் அங்கே வந்ததும் பிரிந்து வெவ்வேறு பந்தியில் உட்காருகிறார்கள் என்றால், நூறு மைல் நடந்தது எதற்கு? கப்பல் தளத்தில் சாதி கொஞ்சம் தளர்ந்தது என்பார்கள். தளர்ந்தது உண்மை, தோட்ட லயங்களில் மறுபடி துளிர்த்ததும் உண்மை.

பணம் பெருகினாலும் இதே வியாதிதான், வேறு உருவத்தில். 2017 முதல் பினாங்குத் தைப்பூசத்தில் வெள்ளித் தேரோடு தங்கத் தேர் ஒன்றும் ஓடுகிறது. இரண்டுக்கும் நிர்வாகம் வேறு, மனஸ்தாபமும் உண்டு. பத்துமலையில் 2006-இல் 140 அடி முருகன் எழுந்தான். ஆத்தூர்ப் பக்கம் 2022-இல் 146 அடி. ஆறடி கூடுதல்! சேலத்துக்காரர் சந்தோஷப்படட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. பழனி மூலவரை அடி கணக்கில் அளந்து பார்க்க இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

மலேசியாவில் ரப்பர் போய் எண்ணெய்ப் பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு நகரங்களாயின. பட்டா இல்லாத நிலத்தில் நின்ற தோட்டக் கோயில்கள் சில இடிக்கப்பட்டன. சில அடுக்கு மாடிகளின் நிழலில் நிற்கின்றன. அந்தத் தோட்டத்தில் பிறந்து நகரத்தில் லாரி ஓட்டுகிறவர், கடை வைத்திருக்கிறவர் எல்லோரும் வருஷத்துக்கு ஒரு நாள் அங்கே திரும்பி வருகிறார்கள். ஒருவர் சுண்ணாம்பு அடிக்கிறார், ஒருவர் அரிசி மூட்டை இறக்குகிறார், ஒருவர் நோட்டில் பெயர் எழுதுகிறார்.