மடியில் கனம்

மடியில் கனமில்லையென்றால் வழியில் என்ன பயம்? யாரையாவது விசாரணைக்கு வரச் சொன்னார்கள் என்று கேள்விப்பட்டதும் நம் ஊர்களில் சொல்லப்படுவது இதுதான். பொய் என்று நிரூபிக்க ஆனையிறவு போதும். குடாநாட்டையும் வன்னியையும் தொடுக்கும் அந்த ஒடுங்கிய தரையில், எண்பதுகளில் பஸ்ஸை விட்டிறங்கி அடையாள அட்டையை நீட்டியபடி இராணுவச் சாவடியைக் கடந்தவர்களில் அநேகரின் மடியில் எதுவும் இருக்கவில்லை. பயம் எல்லோருக்கும் இருந்தது. 2000 ஏப்ரலில் அங்கிருந்த இராணுவ முகாம் புலிகளிடம் வந்தது. வன்னியை விட்டு வெளியேற அப்போதும் பாஸ் வேண்டியிருந்தது, கொடுப்பவர்தான் வேறு. அன்று கேட்காதவர்கள் இன்று கொழும்பை எந்த முகத்தோடு கேட்கிறீர்கள் என்றால், அது நியாயமான கேள்வி. அன்றும் கேட்டிருக்க வேண்டும் என்பதே என் பதில்.

பழமொழியில் வழிமறிப்பவன்தான் கள்வன். நாமோ பயப்படுகிறவனைக் கள்வனாக்கிவிட்டோம்.

சட்டமும் அதையே செய்கிறது. 1979 யூலையில் பயங்கரவாதத் தடைச் சட்டம் மூன்று ஆண்டுகளுக்கான தற்காலிக ஏற்பாடாக வந்தது. 1982இல் அந்தக் கால எல்லையை எடுத்துவிட்டார்கள். அதன் 5ஆம் பிரிவைப் படித்தவர்கள் குறைவு. ஒருவர் இச்சட்டத்தின் கீழ் குற்றம் செய்தார், அல்லது செய்ய ஆயத்தமாகிறார் என்று தெரிந்திருந்தோ, அப்படி நம்ப நியாயமான காரணம் இருந்தோ, பொலிஸுக்குச் சொல்லாவிட்டால் ஏழு ஆண்டுகள் வரை சிறை. ஆகவே வாய் மூடியிருப்பதும் குற்றம். வாய் திறந்தாலோ 16ஆம் பிரிவு இருக்கிறது: உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முன்னிலையில் கொடுத்த வாக்குமூலம் வழக்கில் சான்றாகும், அது மிரட்டி வாங்கியது என்று நிரூபிக்கும் பொறுப்பு கைதியின் தலையில்.

நாட்டைக் காக்க இது வேண்டாமா என்பார்கள். கணக்குப் பார்ப்போம். 1979 டிசம்பர் 31க்குள் வடக்கில் பயங்கரவாதத்தை ஒழிக்கும்படி பிரிகேடியர் வீரதுங்கவுக்கு அன்றைய ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்த்தன உத்தரவிட்டார். போர் முடிய 2009 ஆனது. அதே சட்டம் கையில் இருக்கும்போதுதான் 2019இல் ஈஸ்டர் குண்டுகள் வெடித்து 260க்கு மேற்பட்டோர் இறந்தனர். இந்தியாவிலிருந்து எச்சரிக்கை முன்னரே வந்திருந்தது. கடமை தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கையில் வந்த தகவலுக்கே அசையாதவர்களுக்கு இன்னும் தகவல் பறிக்கும் அதிகாரம் எதற்கு?

செம்மணிப் புதைகுழி அகழ்வைப் படம்பிடித்து வெளியிட்டுவந்த முல்லைத்தீவு ஊடகவியலாளர் குமணனை, 2025 ஆகஸ்டில் பயங்கரவாதத் தடுப்பு மற்றும் விசாரணைப் பிரிவு அளம்பிலுக்கு அழைத்து மணிக்கணக்காக விசாரித்தது. ஒரு செய்தியாளரை அழைக்கும்போது அவரோடு பேசிய அத்தனை பேரும் கூடவே அழைக்கப்படுகிறார்கள். காணாமற்போன பிள்ளையைத் தேடும் தாய், அடுத்த முறை அவருடைய தொலைபேசி அழைப்பை எடுப்பதற்கு முன் யோசிப்பாள். ஒருவரையும் கைது செய்யாமலே ஒரு ஊரின் வாயை அடைக்கலாம். இங்கிலாந்தில் 1765இலேயே, எழுத்தாளர் ஜோன் என்டிக்கின் வீட்டில் புகுந்து காகிதங்களை அள்ளிச் சென்ற அரச ஆட்களுக்கு அமைச்சரின் உத்தரவு போதாது, சட்டம் வேண்டும் என்றது நீதிமன்றம். இங்கே சட்டமே அமைச்சரின் உத்தரவைப் போதும் என்கிறது.

இந்தச் சட்டத்தை நீக்குவோம் என்று வாக்குறுதி கொடுத்து 2024இல் ஆட்சிக்கு வந்தவர்கள் புதிய சட்டவரைவு ஒன்றை முன்வைத்திருக்கிறார்கள். தலைப்பை விட்டுவிட்டு உள்ளே படியுங்கள். அழைப்பு எழுத்தில் வருமா? காரணம் சொல்லப்படுமா? கையெழுத்திடுவது நீதவானா, பொலிஸா? சட்டத்தரணி பக்கத்தில் இருக்கலாமா? தகவல் தந்தவரின் பெயரைச் செய்தியாளர் சொல்ல மறுக்கலாமா?

எதிர்ப்பது நம்மவருக்காக மட்டும் என்றால் எதிர்க்காமலே இருக்கலாம். சிலாவத்துறையைச் சேர்ந்த ஆசிரியர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் இதே சட்டத்தின் கீழ் கைதானார். அவருக்கு எதிராகக் காட்டப்பட்டது 'நவரசம்' என்ற அவருடைய கவிதைத் தொகுப்பு. பிணை கிடைக்க 2021 டிசம்பர் ஆனது. குற்றமற்றவர் என்று விடுதலையாக 2023 டிசம்பர். அந்தக் கவிதைகள் தமிழில் இருந்தன. அவற்றை வாசித்து, இதில் தீவிரவாதம் இல்லை என்று உரக்கச் சொல்ல நம்மில் எவருக்கும் முடிந்திருக்கும். சொன்னவர்கள் மிகச் சிலர்.