அன்னையின் குறையை எழுதலாமா?

அன்னையின் காலடியில் சுவனம் உண்டு என்று கேட்டு வளர்ந்த சமுதாயம் நம்முடையது. மகளைச் சொல்லால் கொல்லும் தாயையும், நஞ்சூட்டும் தாயையும் சித்திரிக்கும் கதைகள் அத்தகைய சமுதாயத்தின் இல்லங்களுக்குள் நுழையலாமா? சத்தியமங்கலத்தில் நம்மிடம் ஓதும் பெண்மக்களின் தாய்மார் சிலர் இவ்வினாவை எழுப்புகின்றனர். 'பெற்றவளைப் பழிப்பதும் ஓர் இலக்கியமா?' என்பது அவர்தம் கேள்வி. எளிதில் ஒதுக்கிவிடத் தக்க கேள்வியன்று இது.

அக்கதைகள் என்ன சொல்கின்றன என்பதை முதலில் பார்ப்போம். 1944-ஆம் ஆண்டு கோவையில் பிறந்த அம்பை, 1971-இல் 'கசடதபற' இதழில் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' என்னும் சிறுகதையை எழுதினார். அக்கொலைக்குக் கருவி ஏதும் இல்லை. பூப்பெய்திய சிறுமி ஒருத்தி, ஒன்றும் விளங்காத அச்சத்தோடு, வெளியூர் சென்ற தாய்க்காகக் காத்திருக்கிறாள். வந்த தாயோ அவளை அணைத்துத் தேற்றவில்லை. சுடுசொல் ஒன்றை வீசுகிறாள். சிறுமியின் நெஞ்சில் குடியிருந்த அன்னையின் உருவம் அக்கணமே மடிந்துவிடுகிறது. அந்தத் தாய் எங்கிருந்து திரும்பினாள் என்பதையும் நாம் கவனித்தல் வேண்டும். உறவுப் பெண்ணைப் பார்க்க வந்தவர்கள், நிறம் கறுப்பு என்று தட்டிக் கழித்துச் சென்ற வீட்டிலிருந்து திரும்பினாள். அவள் மகளும் கறுப்பே. பிறர் வீட்டில் பட்ட காயத்தைத் தன் வீட்டில் வந்து இறக்கினாள்.

நம் சமுதாயத்தைச் சேர்ந்த சல்மா 2004-இல் வெளியிட்ட 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவலில் காட்சி இன்னும் கொடிது. பிர்தவ்ஸ் என்பாள் மணமுறிவுற்றுத் தாய்வீடு திரும்பிய இளம்பெண். அவளது மறைவான உறவு வெளிப்பட்டபோது, ஊர்ப்பழிக்கு அஞ்சிய தாயிடமிருந்தே அவளுக்கு நஞ்சு வருகிறது. மகள் செய்தது பாவமே; அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் மகளின் உயிரைப் பறிக்கும் அதிகாரத்தை ஷரீஅத் எந்தத் தாய்க்கு அளித்தது? அல்லாஹ்வின் தீர்ப்பை அஞ்சவேண்டிய இடத்தில், 'ஊர் என்ன சொல்லும்' என்பது நீதிபதியாக அமர்ந்துவிட்டது.

இவ்வாறு எழுதுவது கீபத், அதாவது புறங்கூறல் ஆகாதா என்பர். புறம் என்பது இன்னார் என்று அறியப்பட்ட ஒருவரின் குறையை அவர் இல்லாத இடத்தில் பேசுவது. கதையில் வரும் தாய்க்கு ஊருமில்லை, உருவுமில்லை. அதற்கும் மேலாக, இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா' நூலில் பிறர் குறையைச் சொல்ல அனுமதியுள்ள ஆறு இடங்களை எண்ணிக் காட்டுகின்றார்கள். அநீதிக்கு உள்ளானவரின் முறையீடு அவற்றுள் ஒன்று. தம் கணவர் அபூஸுஃப்யான் குடும்பச் செலவுக்குப் போதிய பொருள் தருவதில்லை என்று ஹிந்த் (ரலி) அவர்கள் முறையிட்டபோது, புறம் பேசாதே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வாயடைக்கவில்லை, வழி கூறினார்கள்.

பெற்றோரை நோக்கிச் 'சீ' என்றும் சொல்லலாகாது என்று கட்டளையிட்ட அதே இறைமறை, அந்நிஸா அத்தியாயத்தில் பெற்றோருக்கு எதிராயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறும் பணிக்கின்றது. இவ்விரண்டும் முரண்பட்டவை அல்ல. முன்னது நாவின் ஒழுக்கம். பின்னது உண்மையின் கடமை. தாயை ஏசுவது வேறு. தாயால் நேர்ந்ததைச் சாட்சியாகச் சொல்வது வேறு. உயிரோடு புதைக்கப்பட்ட பெண் மகவைப் பற்றித் தக்வீர் அத்தியாயம் பேசும்போது, எக்குற்றத்திற்காகக் கொல்லப்பட்டாய் என்னும் வினா அம்மகவிடமே தொடுக்கப்படும் என்கிறது. பேச வாய்ப்பே பெறாதவளுக்கு அன்று பேசும் முறை அளிக்கப்படுகிறது. நல்ல கதையும் மகளுக்கு அம்முறையைச் சிறிதளவு இங்கேயே அளிக்கின்றது.

எனினும், இருளை எழுதுவன எல்லாம் நற்கதைகள் ஆகிவிடா. வீட்டுக் கொடுமையைச் சுவைப்பொருளாக்கி விற்பாரும் உளர். உரைகல் எது? மிக அழகிய வரலாறு என்று இறைவனே சிறப்பித்த யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு நம்மிடம் இருக்கின்றது. நபி ஒருவரின் இல்லத்திலேயே பொறாமை மூண்டதையும், உடன்பிறந்தவனைக் கிணற்றில் தள்ளியதையும் அது மறைக்கவில்லை. அவற்றைச் சுவைத்து விரிக்கவுமில்லை. சகோதரர்கள் தம் பிழையை வாய்விட்டு ஒப்புக்கொண்ட பின்னரே மன்னிப்பு அங்கே மலர்கின்றது.

இங்கேதான் நம் தாய்மாருக்குச் சொல்ல வேண்டியது உள்ளது. பெண் பார்க்க வந்தோர் பேசிய நிறப்பேச்சும் கைக்கூலிப் பேச்சும் உங்கள் வழியாக மகளின் செவியைச் சென்றடைகின்றன. அவர்கள் உங்களைக் காயப்படுத்தியது உண்மையே. அது உங்கள் சொல்லுக்குக் காரணமாகலாம், நியாயமாகாது. 'அன்று நான் சொன்னது தவறு' என்று மகளிடம் கூறும் அன்னையின் மதிப்பு குறைந்துவிடாது. அவ்வாறு கூறாததால் எத்தனையோ வீடுகளில் தாயும் மகளும் ஒரே கூரையின்கீழ் அந்நியராய் வாழ்கின்றனர்.

சல்மா அவர்கள் பருவமெய்தியபோது பள்ளிப்படிப்பு நிறுத்தப்பட்டு வீட்டிற்குள் இருத்தப்பட்டார். அவ்வழக்கத்திற்கு அவர்தம் அன்னையும் உடன்பட்டவரே. ஆனால் மணமான பின், மகள் மறைவில் எழுதிய கவிதைகளை யாரும் அறியாமல் வெளியே கொண்டு சேர்த்தவரும் அதே அன்னைதாம். ஊரின் கட்டளைக்குப் பணிந்து கதவை அடைத்தவரால், பின்னொரு நாள் அதைத் திறக்கவும் முடிந்தது. இத்தகைய கதைகளை மகளின் கையிலிருந்து பறிப்பதைவிட, ஒருமுறை தாமும் படித்து, அவளோடு அமர்ந்து பேசுவதே அறிவுடைய தாய்மார்க்கு அழகு.