ஓய்வும் கடனும்

உழைப்பைப் போற்றுவது தமிழ் மரபு. திருவள்ளுவர் மடியின்மைக்கென ஓர் அதிகாரமும், அதனை அடுத்து ஆள்வினையுடைமைக்கென மற்றோர் அதிகாரமும் வகுத்தார். ஓய்வுக்கெனத் தனி அதிகாரம் வகுத்தாரில்லை. இதனைக் கொண்டு, ஓய்வு என்பது சோம்பலின் மறுபெயரே எனக் கருதுவாரும் உளர். பள்ளி விடுமுறையில் கடற்கரைக்குப் புறப்படும் குடும்பத்தைப் பார்த்து, "காசையும் நாளையும் பாழாக்குகிறார்கள்" எனக் குறைகூறும் முதியோரை இன்றும் காணலாம். அவர்தம் கூற்றுச் சரிதானா? ஓய்வு குற்றமா, உரிமையா, அன்றி அதற்கும் ஒரு கடமை உண்டா? இவ்வினா ஆசிரியரும் மாணவரும் ஆய்ந்து பார்க்கத்தக்கது.

மடியும் ஓய்வும் ஒன்றல்ல. செய்யவேண்டிய வினையைச் செய்யாது காலந்தாழ்த்துவது மடி. வினையாற்றிக் களைத்த உடலையும் உள்ளத்தையும் ஆற்றிக்கொள்வது ஓய்வு. முன்னது வினைக்குப் பகை; பின்னது வினைக்குத் துணை. பழந்தமிழர் இவ்வேறுபாட்டை அறிந்திருந்தனர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுநிலா நாளில் கடல்மேற் செல்லாது, உண்டும் ஆடியும் களித்திருந்ததைக் காட்டுகிறது. அலையோடு போராடி வாழ்ந்த அம்மக்களைச் சோம்பேறிகள் என எவரும் சொல்லத் துணியார்.

ஓய்வைப் போலத் தோன்றும் இன்னொன்றும் உண்டு. அது வேலையின்மை. இந்நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் இதனை நன்கறிவர். பொழுது விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டுப் பால்மரம் வெட்டச் சென்ற நாட்கூலிகளுக்கு, மழை பெய்த நாள் ஓய்வு நாள் அன்று. வெட்டு நின்றால் கூலியும் நின்றது. லயத்துத் திண்ணையில் அமர்ந்திருந்தவனின் கைகள் ஓய்ந்திருந்தன. அவன் உள்ளமோ கடைக்காரரின் கடன் கணக்கைச் சுற்றி வந்தது. நாளைய சோற்றைப் பற்றிய அச்சம் நீங்கினாலன்றி ஓய்வு ஓய்வாகாது.

இவ்வுண்மையை உலகம் மெல்ல உணர்ந்தது. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1936இல் சம்பளத்துடன் கூடிய விடுப்புக்கென ஓர் உடன்படிக்கையை ஏற்றது. 1948இல் வெளியான உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆம் விதி, ஓய்வையும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையையும் ஒவ்வொருவரின் உரிமையாக அறிவித்தது. தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வாரந்தோறும் ஒரு நாள் ஓய்வை வழங்குகிறது. வாரத்திற்கு 48 மணி நேரமாக இருந்த வேலை வரம்பு, 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து 45 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. ஆகவே, ஓய்வு குற்றம் அன்று. போராடிப் பெற்ற உரிமை என்பது தெளிவு.

ஆயின், ஆராய்ச்சி இங்கே முடிந்துவிடுவதில்லை. போர்ட்டிக்சன் கடற்கரையைச் சான்றாகக் கொள்ளலாம். 1891இல் சிரம்பானிலிருந்து இருப்புப்பாதை போடப்பெற்ற பழைய துறைமுகம் அது. இன்று கோலாலம்பூர் மக்கள் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் பயணம் செய்து அங்கே இளைப்பாறச் செல்கின்றனர். நாலாங்கட்டை, ஏழாங்கட்டை எனக் கட்டைக் கணக்கால் வழங்கும் கரையோரச் சாலை நெடுகிலும் தங்கும் விடுதிகள் நிற்கின்றன. விடுமுறை நாட்களில் தெலுக் கெமாங் மணற்பரப்பில் கால்வைக்க இடமிராது. பட்டினப்பாலையின் பரதவர் தம் கரையில் தாமே ஓய்ந்தனர். இங்கோ, நகரத்தார் ஓயும் நாளே கரையோரத்தார் மிகுதியாக உழைக்கும் நாளாகிவிட்டது.

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்க்கலாம். சுற்றுலா வந்த தமிழ்ப்பள்ளி மாணவர் விடுதியொன்றில் காலையுணவு உண்கின்றனர். தட்டுகளை எடுக்க வந்த தமிழ்ப்பெண் ஒருவர், தம் மகனும் ஐந்தாம் ஆண்டில்தான் படிக்கிறான் என ஆசிரியரிடம் சொல்கிறார். "அவனும் கடலுக்குப் போகவேண்டும் என்கிறான் ஐயா. கடல் பக்கத்தில்தான் இருக்கிறது; கூட்டிப்போகத்தான் எனக்கு நாள் இல்லை." அவர் சென்றபின் ஒரு மாணவி கேட்கிறாள்: "அப்படியானால், ஐயா, நாம் இங்கு வந்தது தவறா?"

எளிதில் விடை கூறிவிடக்கூடிய கேள்வி அன்று இது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், ஓய்வைப் பெறும்பொருட்டே மனிதர் உழைக்கின்றனர் என்றார். ஆயின் அவர் கண்ட ஓய்வு, அடிமைகளின் உழைப்பின்மேல் நின்றது. அதனை அவர் தவறெனக் கொள்ளவில்லை. பிறர் ஓய்வை விழுங்கித்தான் ஒருவர் ஓய்வு வளரவேண்டும் என்றால், அது உரிமை ஆகாது, சலுகையே ஆகும்.

"அப்பெண் கூலி பெறுகிறார்; விருந்தினர் வாராவிடின் அவர் வேலையே போய்விடும்" என்பர் சிலர். இது மெய்யே. கடற்கரைக்குச் செல்லாதிருப்பதால் அவர் துயர் தீராது. ஆயினும், கூலி அவர் செய்த வேலைக்கு விலை. மகனோடு கழிக்க இயலாத நாட்களுக்கும், பொறுக்க நேர்ந்த கடுஞ்சொற்களுக்கும் அது விலை ஆகாது. அக்கணக்கைத் தீர்க்கும் கடன் முதலில் விடுதி நடத்துவோரைச் சேரும். வார ஓய்வு கொடுத்துவிட்டோம் என்று நின்றுவிடாமல், பள்ளி விடுமுறையிலும் பணியாளர் முறைவைத்துத் தம் மக்களோடு சில நாள் இருக்க வழிசெய்வது அவர்தம் பொறுப்பு.

ஓய்வு கொள்வோருக்கும் பங்குண்டு. மணலில் புட்டிகளையும் நெகிழிப் பைகளையும் வீசாதிருத்தலும், பணியாளரிடம் இன்சொல் கூறலும் எளியவை. அரியது ஒன்று உண்டு. பணியாளருக்கு விடுப்பளிப்பதால் அறை வாடகை சிறிது உயரலாம். உணவு சற்றுத் தாமதமாக வரலாம். அவற்றை முணுமுணுக்காமல் ஏற்பவரே, ஓய்வு மனிதரின் உரிமை என்று சொல்லத் தகுதியுடையவர். பிறர்க்கு வேண்டாத ஒன்றைத் தமக்கு மட்டும் உரிமை என்பது அறம் அன்று.

ஆதலின், அம்மாணவிக்கு ஆசிரியர் கூறத்தக்க விடை இதுவே: "வந்தது தவறன்று, அம்மா. அவருக்கும் இப்படி ஒரு நாள் வேண்டும் என்பதை மறந்துவிட்டுத் திரும்பினால்தான் தவறு." விருந்தோம்பல் வீட்டாரின் அறம் எனப் படித்த மாணவர், விருந்தினருக்கும் அறம் உண்டு என்பதைக் கடற்கரையில் கற்றுத் திரும்புவாராயின், அச்சுற்றுலாவும் ஒரு பாடமே ஆகும்.