எந்தக் காட்டுக்குப் போவது?

சென்ற கோடை விடுமுறைக்கு முன்பு எங்கள் வீட்டில் ஒரு மகாநாடு கூடிற்று. எந்தக் காட்டுக்குப் போய் மிருகங்களைப் பார்ப்பது என்பதே விஷயம். நாகபுரியில் உத்தியோகம் பார்க்கும் என் மைத்துனன் தொலைபேசியில் வந்தான்.

"அத்தான், தடோபா எங்க ஊருக்குக் கிட்டவே இருக்கு. பாந்தவ்கர் தூரந்தான், ஆனா அங்கே போனவங்க புலி பார்க்காம திரும்பறது அபூர்வம். பெரியாறுன்னா படகிலே போகலாம், யானை தெரியும். புலிக்கு உத்தரவாதம் இல்லை. கான்ஹாவிலே காடு பிரமாதம். புலி அவங்கவங்க அதிர்ஷ்டம்."

ஜவுளிக்கடைக்காரர் புடவைகளை எடுத்துப் போட்டு, 'இது சாயம் போகாது, அதற்கு நான் பொறுப்பில்லை' என்று சொல்வது போலிருந்தது. ஆயினும் நானும் அந்தக் கடை வாடிக்கைக்காரன்தானே? "எங்கே நிச்சயம்?" என்று கேட்டேன். பத்து வயதுப் பையனை முன்னிட்டுக் கேட்டதாக அப்போது சொல்லிக்கொண்டேன்.

நிச்சயமான இடங்களில் எல்லாம் ஜீப்புகள் நிரம்பிவிட்டிருந்தன. கான்ஹாவை நாங்கள் தேர்ந்தெடுத்தோம் என்று சொன்னால் அது பொய். மிஞ்சியது அதுதான்.

விடியற்காலையில் திறந்த ஜீப்பில் புறப்பட்டோம். ஒரு பக்கம் சால மரக் காடு. மறுபக்கம் பரந்த புல்வெளி. அதில் மான்கள் கூட்டமாக மேய்ந்தன. வழிகாட்டியாக வந்த இளைஞன், "பாரசிங்கா" என்றான். பன்னிரண்டு கிளைக் கொம்பு என்று அர்த்தமாம். சதுப்பு நிலத்து மான் ஜாதியில் கெட்டித் தரைக்குப் பழகிய பிரிவு இது. 1970-ஆம் ஆண்டுவாக்கில் இந்தப் பிரிவில் எஞ்சி நின்றவை 66 தானாம், அவ்வளவும் கான்ஹாவில். புல்லைத் தவிர வேறெதையும் அதிகம் தொடாத பிராணி. புல்வெளி இல்லையேல் அது இல்லை. வேலி கட்டி வளர்த்தார்கள். காட்டுக்குள் இருந்த கிராமங்களை வெளியே குடியேற்றினார்கள். உழுத நிலத்தில் புல் முளைத்தது. இன்று அவை நூற்றுக்கணக்கில் பெருகிவிட்டன.

இதைச் சொல்லிவிட்டு அந்த இளைஞன் புல்வெளியின் நடுவே நின்ற இரண்டு மாமரங்களைச் சுட்டிக்காட்டினான். காட்டில் தானாக முளைத்தவை அல்ல, யாரோ வைத்து வளர்த்தவை என்று பார்த்தாலே தெரிந்தது. மைத்துனன் மொழிபெயர்த்தான்: "அங்கேதான் இவர் பாட்டனாரோட வீடு இருந்ததாம். கிளம்பற அன்னைக்குப் பாட்டனார்..."

அந்த வேளையில்தான் தூரத்தில் ஒரு புள்ளிமான் குரல் கொடுத்தது. அதைத் தொடர்ந்து மந்தி ஒன்று. டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்தான். புலி நடமாடுகிறது என்பதற்கு அதுவே அறிகுறி.

"அந்தக் கதை அப்புறம் ஆகட்டும். வண்டியை எடுக்கச் சொல்லு!" என்றேன் நான்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பத்துப் பன்னிரண்டு ஜீப்புகள் கூடிவிட்டன. எங்கள் டிரைவரும் சாமர்த்தியமாக ஓர் இடுக்கில் வண்டியை நுழைத்தான். புதரை விலக்கிக்கொண்டு புலி வந்தது. அதன் அழகை வர்ணிக்க எனக்குச் சக்தியில்லை. பாதைக்கு அந்தப் பக்கம் போக அது விரும்பியது. போகத்தான் வழியில்லை. நின்றது, எங்களை ஒருமுறை பார்த்தது, வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. "பார்த்தாச்சு, பார்த்தாச்சு!" என்று பையன் குதித்தான். நானும் குதிக்காத குறைதான்.

திரும்பும்போது என் மனைவி, "பாவம், அது எங்கே போகணும்னு வந்துதோ?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. வழிகாட்டியிடம், "உங்கள் பாட்டனார் கதையைச் சொல்லுங்கள்" என்று கேட்கச் சொன்னேன். அவன் மரியாதையாகச் சிரித்து, "அவ்வளவுதான், ஐயா" என்றான்.

அந்த 'அவ்வளவுதான்' என்னை இன்னும் விடவில்லை.

இனிக் காட்டுக்கே போகக்கூடாது என்று நான் உபதேசம் செய்யப்போவதில்லை. அது சுலபமான வைராக்கியம். அந்த இளைஞனுக்குச் சோறு போடுவது எங்களைப் போன்றவர்கள் கொடுக்கும் கூலி. 2012 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு புலிக் காப்பகங்களின் மையப் பகுதிகளில் சுற்றுலாவை இடைக்காலமாக நிறுத்தி வைத்தது. அக்டோபரில், விதிமுறைகளோடு மறுபடி அனுமதித்தது. ஆள் நடமாட்டமே இல்லாமல் போனால் காட்டுக்கு நல்லதா, கெட்டதா என்று அப்போது பெரிய வாதமே நடந்தது. இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது.

கிராமங்களைப் பெயர்த்ததும் அப்படித்தான். பெயர்க்காவிட்டால் அந்த மான் இன்று இருந்திருக்குமோ என்னவோ. பெயர்த்ததால் பைகா, கோண்டு மக்கள் பிறந்த மண்ணை இழந்தார்கள். இது நம் தேசத்துக் கதை மட்டுமல்ல. 1959-இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியிலிருந்து மாசாய் மக்களையும் வெளியேற்றினார்கள். மான் பிழைத்ததை மனிதனின் இழப்போடு எந்தத் தராசில் வைத்து நிறுப்பது? எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. அந்தக் கணக்கைத் தீர்க்க முடியாதவன், குறைந்தபட்சம் அதைக் கேட்கவாவது வேண்டும். நானோ கேட்க வந்த காதைப் புலிக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆகையால் எந்தக் காட்டுக்குப் போவது என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால், புலியைப் பற்றி நான் பேசுவதில்லை. அங்கே ஒரு வேளைக்கு எத்தனை வண்டிகளை உள்ளே விடுகிறார்கள்? கூட வருபவர் அந்த மண்ணின் மனிதரா? வண்டியை விட்டு இறங்கி நடக்க வழியுண்டா? இவற்றை விசாரியுங்கள் என்கிறேன். பெரியாற்றில் ஒரு காலத்தில் களவாக வயணப் பட்டை உரித்து விற்றவர்களே, இப்போது காட்டைக் காப்பவர்களாகவும் பிரயாணிகளை நடத்தி அழைத்துச் செல்பவர்களாகவும் இருக்கிறார்கள். மரத்தைத் திருடத் தெரிந்தவனுக்கு அதைக் காக்கவும் தெரியும் என்று யாரோ நம்பியிருக்கிறார்கள்.

அடுத்த விடுமுறைக்கு அங்கே போகலாம் என்றேன். பையன் உடனே, "அங்கே புலி நிச்சயமா?" என்றான். என் கேள்விதான்; என்னிடமிருந்து கற்றுக்கொண்டது.

"இல்லை" என்றேன்.

சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அந்த அண்ணன் பாட்டனார் கதையை முழுசாச் சொல்லலியே அப்பா, கான்ஹாவுக்கே இன்னொரு தடவை போனா சொல்வாரா?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.