நாலடி வேலியும் தலைவிதியும்

ஆஸ்திரேலியாவில் வீட்டோடு நீச்சல் குளம் வைத்திருப்பவர் அதைச் சுற்றி 1.2 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் வேலி போட வேண்டும். நம் கணக்கில் நாலடி. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. வேலிக் கதவு தானாகச் சாத்திக்கொண்டு தானாகவே தாழ் விழ வேண்டும். குளத்துப் பக்கமாகத் திறக்கக்கூடாது. தாழ்ப்பாள் 1.5 மீட்டர் உயரத்தில், பிள்ளைக்கு எட்டாதபடி. வேலியோரம் பூச்சட்டி, நாற்காலி என்று ஏறி நிற்கத் தோதான எதுவும் கிடக்கக்கூடாது. பிரான்ஸ் இன்னொரு வழியில் போனது. வேலி, மூடி, கூண்டு, எச்சரிக்கை மணி ஆகிய நான்கில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2003 ஜனவரியில் சட்டம் போட்டது.

இந்த அளவுகளை வாசிக்கிறவருக்கு ஒரு கேள்வி எழும். குளமும் அவருடையது, நிலமும் அவருடையது. சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்து விழுகிற அயல்வீட்டுப் பிள்ளைக்காக அவர் ஏன் காசு செலவழிக்க வேண்டும்? சட்டம் தன் பதிலைச் சொல்லிவிட்டது. சமயத்திடம் கேட்டால் பதில் அத்தனை சுலபமாக வருவதில்லை. குறுக்கே விதி வந்து நிற்கிறது.

நம் ஊவாவில் பசறைப் பக்கம் நீச்சல் குளம் வைத்த வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எல்ல, பண்டாரவளை விடுதிகளில் மலையைப் பார்த்தபடி நீலக் குளங்கள் வந்திருக்கின்றன. தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைக்கு அங்கே வேலை இல்லை. அதன் கைக்கெட்டும் தண்ணீர் வேறு. மரக்கறிக்கு இறைக்க வெட்டிய குழி, கட்டு இல்லாத கிணறு, பீலிக்கு மேலே இருக்கும் தாங்கி, மழைக்குப் பெருகும் ஓடை. இப்படி ஒரு குழியில் பிள்ளை போய்விட்டால் இழவு வீட்டில் இரண்டு பேச்சுக் கேட்கும். "அதுட விதி முடிஞ்சிருச்சு, நாம என்னா செய்ய?" என்பது ஒன்று. "தாய்க்காரி கொஞ்சம் பார்த்திருக்கலாம்" என்பது மற்றது. முன்னது ஆறுதல், பின்னது குற்றச்சாட்டு. ஆனால் இரண்டும் கூட்டுச் சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்துவிடுகின்றன: குழியைத் திறந்து வைத்தவரை யாரும் கேள்வி கேட்பதில்லை.

பெற்றவள் விதியைச் சொல்லட்டும். அவளுக்கு அது வேண்டும். அதைப் பிடுங்க எந்தப் பகுத்தறிவுக்கும் உரிமை இல்லை. குழிக்காரர் அதையே சொல்லும்போதுதான் விவகாரம் தொடங்குகிறது. அவர் விதியின் பின்னால் ஒளிந்துகொள்ள நம் சமயங்கள் இடம் கொடுக்கின்றனவா?

தோட்டத்துக் கோயில்களில் பேசப்படுகிற சைவத்திலிருந்தே தொடங்கலாம். சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இந்தப் பிறவியில் அனுபவிக்க வந்தது பிராரத்தம். அனுபவிக்கும்போதே புதிதாகச் சேர்த்துக்கொள்வது ஆகாமியம். பிள்ளை இறந்தது அதன் பிராரத்தம் என்றே வைத்துக்கொள்வோம். குழியை மூடாமல் விட்டவருக்கு அதே கணக்கில் ஆகாமியம் ஏறுகிறதே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஒருவருடைய பழைய வினை இன்னொருவருடைய புது வினையைக் கழுவிவிடும் என்று சித்தாந்தம் எங்கும் சொல்லவில்லை. வள்ளுவரும் ஊழுக்கு 38ஆம் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு, 62ஆம் அதிகாரத்தை ஆள்வினையுடைமைக்குக் கொடுத்திருக்கிறார். தோட்டத்துப் பட்டிமன்றங்களில் இந்த இரண்டையும் மோதவிட்டு நடுவர் கடைசியில் சமரசம் பண்ணிவைப்பது வழக்கம். குழி வெட்டியவரின் வழக்கு மட்டும் அந்த மேடைக்கு வருவதில்லை.

பௌத்தம் இதில் இன்னும் கறாரானது. ராஜகிருகத்து வேணுவனத்தில் மோளியசீவகன் என்ற பரிவிராஜகர் புத்தரிடம் வந்து கேட்கிறார்: மனிதன் படுகிற இன்ப துன்பமெல்லாம் முன்செய்த வினையால்தான் வருகின்றன என்று சிலர் சொல்கிறார்களே, அது சரியா? சங்யுத்த நிகாயத்தில் பதிவாகியிருக்கும் பதில் எட்டுக் காரணங்களை அடுக்குகிறது. பித்தம், கபம், வாதம், இவை மூன்றின் சேர்க்கை, பருவ மாற்றம், பேணுவதில் வரும் பிசகு, பிறரால் நேரும் தாக்குதல், கடைசியாகத்தான் வினையின் பலன். எட்டில் ஒன்று. எல்லாவற்றையும் வினையின் தலையில் கட்டுகிறவர்கள் கண்கூடான உண்மையையும் தாண்டிப் பேசுகிறார்கள் என்று புத்தர் முடிக்கிறார். பதுளை முத்தியங்கனை விகாரைக்குப் போய்வருகிற பலருக்கும் இந்தப் பதில் புதிதாக இருக்கலாம். கர்மம் என்ற பேச்சு சிங்கள வீட்டிலும் தமிழ் வீட்டிலும் ஒரே மாதிரிதான் புழங்குகிறது.

துறவிகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய பிடகத்தில் இதைவிட நெருக்கமான ஒரு வழக்கு இருக்கிறது. ஒரு துறவி நாற்காலியில் உட்காருகிறார். அதன் மேல் துணியால் மூடிக் கிடத்தியிருந்த கைக்குழந்தை அவருக்குத் தெரியவில்லை. குழந்தை இறந்துவிடுகிறது. மனிதக் கொலை துறவியைச் சங்கத்திலிருந்தே விலக்கிவிடும் குற்றம். அவரோ கலங்கிப்போய் வருகிறார். கொல்லும் எண்ணம் இல்லாததால் அந்தக் குற்றம் உமக்கு இல்லை என்கிறார் புத்தர். பேச்சு அதோடு முடிந்திருந்தால் அது வெறும் மன்னிப்பு. ஆனால் அதே மூச்சில் ஒரு விதியும் பிறக்கிறது: இனிமேல் பார்க்காமல் ஆசனத்தில் உட்காரக்கூடாது; உட்கார்ந்தால் அது சிறு குற்றம். நடந்துபோனதற்குக் கொலைகாரன் என்று பெயர் சூட்டவுமில்லை, தற்செயல் என்று கைகழுவவுமில்லை. எண்ணமே வினை என்று போதித்த ஒரு மரபு, எண்ணத்தைத் தாண்டியும் ஒரு கடமை உண்டு என்று கண்டுகொண்ட இடம் இது. குளத்துக்கு வேலி போடச் சொல்லும் சட்டங்கள் நிற்பதும் இங்கேதான்.

எல்லாளனைப் பற்றி மகாவம்சத்தின் 21ஆம் அத்தியாயம் சொல்வதில் கன்றுக்குட்டிக் கதை எல்லாருக்கும் தெரியும். திருவாரூரில் அதே கதைக்கு மனுநீதிச் சோழன் நாயகன். அதிகம் பேசப்படாதது தூபியின் கதை. மிகிந்தலைக்குப் பிக்குகளை அழைக்கப் போன எல்லாளனின் தேர் நுகத்தடி ஒரு தூபியில் இடித்துக் கற்கள் பெயர்ந்துவிட்டன. அரசன் வேண்டுமென்று செய்யவில்லை என்று நூலே சொல்கிறது. ஆனாலும் அவன் தேரிலிருந்து இறங்கி வீதியில் கிடந்து, என் தலையையும் சக்கரத்தால் அறுத்துவிடுங்கள் என்கிறான். எங்கள் ஆசானாகிய புத்தர் பிறருக்குத் துன்பம் செய்வதை ஏற்கமாட்டார், தூபியைத் திருத்திக் கொடுங்கள் என்று மறுமொழி வருகிறது. பெயர்ந்த கற்கள் 15. அவற்றைத் திரும்பப் பதிக்க அவன் செலவழித்தது 15,000 கஹாபணம். தலையைக் கொடுப்பது அரசர்களுக்கு எளிது போலும். கொத்தனாரைக் கூப்பிட்டுக் கல் பதிக்கச் சொல்வதில் நாடகம் இல்லை.

விவிலியம் இந்த விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறது. யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தில், குழியைத் திறந்தோ வெட்டியோ மூடாமல் விட்டவர் அதில் விழுந்த மாட்டுக்கோ கழுதைக்கோ ஈடு கொடுக்க வேண்டும். உபாகமம் 22ஆம் அதிகாரத்தில், புதுவீடு கட்டுகிறவர் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் விழுந்தவரின் இரத்தப்பழி வீட்டின் மேல் வரும். விழப்போகிறவர் விருந்தாளியா அந்நியரா என்று அங்கே கேள்வியே இல்லை. இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் ஒரு வேறுபாடு வைத்தார்கள். தன் நிலத்தில் வெட்டிய கிணற்றில் விழுந்தவருக்கு ஈடு கிடையாது. பொதுவழியில் அனுமதியின்றி வெட்டியவர் பொறுப்பேற்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் குழிக்காரர் ஒருவர், இழந்தவர் இன்னொருவர் என்ற எடுப்பில்தான். திருச்சி மாவட்டம் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் 2019 அக்டோபர் 25 அன்று இரண்டு வயதுக் குழந்தை கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தபோது அந்த எடுப்பு குலைந்துபோனது. அது குடும்பத்தின் சொந்தத் தோட்டத்துக் குழி. தீபாவளி நாளைத் தாண்டித் தமிழகமே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. 29ஆம் தேதி அதிகாலையில் உயிரற்ற உடலைத்தான் எடுத்தார்கள். குழாய் வாயை இரும்புத் தகடால் மூட வேண்டும், சுற்றிலும் முள்வேலி போட வேண்டும், கைவிட்ட குழியைத் தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2010லேயே உத்தரவிட்டிருந்தது. அந்தப் பெற்றோரிடம் ஆகாமியம் பேச யாருக்கு நா எழும்? பொறுப்பைப் பற்றிய பேச்சு விபத்துக்கு முன்னால் நடக்க வேண்டியது. பின்னால் நடக்கும்போது அது பெரும்பாலும் கொடுமையாக முடிகிறது.

கொடுமை அதிகம் விழுவது தாயின் மேல். குளத்துக்கு மட்டும் நான்கு பக்கமும் போட்ட வேலி, வீட்டையும் குளத்தையும் சேர்த்து வளைக்கிற வேலியைவிடப் பிள்ளைகளைக் காக்கிறது என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். காரணம் எளிது. விழுகிற பிள்ளை பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை. சமையலறைக் கதவு வழியாகப் போகிறது. சத்தமும் போடாமல் மூழ்குகிறது. எந்தத் தாயாலும் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதை ஒத்துக்கொண்டதுதான் வேலிச் சட்டம். பங்களாதேஷ் கிராமங்களில் சின்னப் பிள்ளைகள் அதிகமாகக் குளங்களில் மூழ்குவது காலை 9 மணிக்கும் பகல் 1 மணிக்கும் இடையில், தாய்மார் வேலையில் இருக்கும் நேரம். அந்த நேரத்துக்குக் கிராமத்துப் பிள்ளைக் காப்பகங்கள் நடத்தியதில் சாவு பெருமளவு குறைந்தது. கொழுந்து எடுக்கப் போகிறவள் பிள்ளைக்காம்பராவில் பிள்ளையை விட்டுப் போவதும் அதே வேலிதான். காம்பரா பூட்டிக் கிடக்கும் நாளில் அவளைக் குறை சொல்கிறவர்கள் பூட்டியவரையும் விசாரிக்கலாம்.

குழிக்காரரே இல்லாத விபத்தும் உண்டு. 2021 மார்ச் 20 காலை, லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறை 13ஆம் கட்டையருகே பள்ளத்தில் உருண்டது. 14 பேர் இறந்ததாக அன்றைய செய்திகள் சொல்லின. மேட்டிலிருந்து விழுந்த பாறை ஒன்று வீதியை ஒடுக்கியிருந்தது. அந்தப் பாறையை யாரும் வெட்டவில்லை, மலை உருட்டிவிட்டது. யாத்திராகமத்தின் கணக்கில் அதற்குச் சொந்தக்காரர் இல்லை. ஆனால் விநயத்தின் கணக்கில், ஆசனத்தில் என்ன கிடக்கிறது என்று பார்ப்பதிலேயே கடமை தொடங்கிவிடுகிறது.

தோட்டத்தில் இந்தச் 'சொந்தக்காரர்' சிக்கல் இன்னும் கூடுதல். மண் பெரும்பாலும் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, காணி உறுதி இல்லாத தொழிலாளி லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி போடக் குழி வெட்டுகிறார். பிரதேச சபை தோட்டத்துக்குள் செலவு செய்ய 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. இப்போது 'அது எங்கள் எல்லை இல்லை' என்று சபை சொல்ல முடியாது. கம்பனியும் தொழிலாளியும் ஒருவரையொருவர் காட்டிக்கொள்வது மட்டும் தொடரும். வடகீழ் மழை ஊவாவுக்குள் வருவதற்கு முன், தோட்ட நிர்வாகத்தில் ஒருவர், சபையில் ஒருவர், கோயில் கமிட்டியில் ஒருவர் என்று மூன்று பேர் ஒரு நடை போய் மூடாத குழிகளை எண்ணிவிட்டு வரலாம். வலைக்கும் தகரத்துக்கும் யார் காசு என்ற வழக்கை நடந்துகொண்டே பேசிக்கொள்ளலாம்.