திருத்தும் உரிமை

ஆங்கிலத்தில் பி.ஏ. படித்தவன் என்பதால் வங்கியில் எனக்கு ஒரு உபதொழில் வாய்த்திருக்கிறது: கவுண்டருக்கு வரும் ஆங்கில விண்ணப்பங்களைத் திருத்திக் கொடுப்பது. காற்புள்ளி இடுவேன், காலத்தைச் சரிசெய்வேன், ஒருமை பன்மையை ஒத்துப்போக வைப்பேன். இதில் தார்மீகப் பிரச்னை ஏதும் இருப்பதாக நான் நினைத்ததில்லை. பிழை பிழைதான், திருத்துவது உபகாரம்.

சென்ற மாதம் ஒரு பெரியவர், இறந்துபோன மகனின் கணக்கிலிருந்த தொகையைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். 'மை சன் இஸ் ஹேவிங் அக்கவுண்ட்' என்று தொடங்கியிருந்தது. 'இஸ் ஹேவிங்'கை அடித்து 'ஹேட்' என்று போட்டேன். முழுவதையும் வேறு தாளில் சுத்தமாக எழுதிக் கொடுத்தேன். வாசித்தவர் அந்தச் சொல்லில் விரலை வைத்து, "இப்படி எழுதினாத்தான் பணம் வருமா, தம்பி?" என்றார். "ஆமாங்கய்யா" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

நான் சொன்னது உண்மையல்ல என்பது இரவில்தான் உறைத்தது. உடைமையைக் குறிக்கும்போது 'ஹேவ்' தொடர்நிகழ்கால வடிவம் கொள்வதில்லை. இலக்கணம் கேட்டது அவ்வளவே. 'கணக்கு வைத்திருக்கிறான்' என்ற தமிழைத்தான் அவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அதை இறந்தகாலமாக்கியது அலுவலக வழக்கம், என் தீர்மானம். இரண்டையும் ஒரே பேனாவால் செய்தேன். என் அபிப்பிராயம் இலக்கணத்தின் அதிகாரத்தை இரவல் வாங்கிக்கொண்டது.

அமெரிக்கக் கவி எமிலி டிக்கின்ஸன் நினைவுக்கு வந்தார். பாம்பைப் பற்றிய அவருடைய கவிதையை 1866இல் 'ஸ்பிரிங்ஃபீல்ட் ரிபப்ளிகன்' பத்திரிகை வெளியிட்டபோது, மூன்றாம் வரியை நான்காம் வரியிலிருந்து ஒரு நிறுத்தக்குறி துண்டித்தது. அவ்விரு வரிகளும் ஒன்றே என்று அவர் ஹிக்கின்ஸனுக்கு எழுதி வருந்தினார். 1862 முதல் அவர் தன் கவிதைகளை அனுப்பிவந்த விமர்சகர் இந்த ஹிக்கின்ஸன். 1886இல் டிக்கின்ஸன் இறந்தார். 1890இல் முதல் தொகுப்பை மேபல் லூமிஸ் டாடுடன் சேர்ந்து பதிப்பித்தவர் அதே ஹிக்கின்ஸன்தான். டிக்கின்ஸனின் கோடுகள் போய்க் காற்புள்ளிகள் வந்தன; சில சொற்கள் மாறின; தலைப்புகள் ஏறின. முறையீட்டைக் கேட்டவரே அதே காரியத்தைச் செய்தார்.

அவரைத் துரோகி என்பது சுலபம். ஆனால் அந்தத் திருத்தங்களோடுதான் புத்தகம் வாசகர்களை அடைந்தது, பலமுறை மறுஅச்சானது. என் பெரியவரின் தாளும் அப்படியே உள்ளே போயிருந்தால் யாரேனும் சிரித்திருப்பார்கள். திருத்தவே மாட்டேன் என்பது ஆங்கிலம் தெரிந்தவனுக்குச் சௌகரியமான பரிசுத்தம். அதற்கு விலை கொடுப்பவர் தெரியாதவர்.

ஆகவே திருத்தலாமா என்பது கேள்வியல்ல. இது இலக்கணம், இது நான் என்று எழுதியவரிடம் பிரித்துச் சொன்னேனா என்பதே கேள்வி. டிக்கின்ஸனிடம் கேட்பதற்கு வழியில்லை. பெரியவரோ என் எதிரே நின்றார். அவரே கேட்கவும் செய்தார்.

டிக்கின்ஸனின் கைப்பிரதிகள் தப்பியிருந்தன. 1955இல் தாமஸ் ஜான்சன் அவற்றைப் பார்த்துக் கோடுகளைத் திரும்ப இட்டுப் பதிப்பித்தார். பெரியவர் எழுதிவந்த தாளை நான் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டிருந்தேன். மறுநாள் காலை போய்ப் பார்த்தபோது கூடையைக் காலிசெய்திருந்தார்கள்.