வலிக்கிறது என்று சொன்னால் பொறுமை போய்விடுமா?

 

நம் மஹல்லாவில் ஒரு பெரியவர். பெயர் வேண்டாம். பல வருஷமாகச் சர்க்கரை. முழங்கால் தேய்மானம், நாற்காலியில்தான் தொழுகிறார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது கடைவாயில் எலும்புக்குள் புதைந்து கிடக்கிற ஒரு பல் சீழ் பிடித்துவிட்டது. அறுத்துத்தான் எடுக்க வேண்டுமாம். சர்க்கரை கொஞ்சம் இறங்கட்டும், அப்புறம் தேதி தருகிறோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒரு நோய் இன்னொரு நோயைக் கட்டிப்போட்டிருக்கிறது பாருங்கள். பல்லை எடுக்கச் சர்க்கரை இறங்க வேண்டும்; சீழ் இருக்கிறவரை சர்க்கரை இறங்குவது கஷ்டம். மெல்ல முடியாமல் கஞ்சி குடித்தால் அதுவே சர்க்கரையை ஏற்றுகிறது. நல்ல வலி மாத்திரையாகப் போடலாமென்றால் அவருடைய சிறுநீரகத்துக்கு ஆகாது. அவர் என்னிடம் மருந்து கேட்கவில்லை. "ஹஜ்ரத், ராத்திரி தாங்க முடியாம கத்திடுறேன். வீட்ல புலம்புறேன். மவன், பொறுமையா இருங்கத்தா, கூலி போயிரும்னு சொல்றான். இத்தனை நாள் பொறுத்ததெல்லாம் வீணா?" என்று கேட்டார்.

சகோதரர்களே! ஸப்ர் என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஐயூப் (அலை) அவர்களைப் பொறுமைக்கு உதாரணமாகச் சொல்கிறோமே, அவர்கள் வாயை மூடிக்கொண்டா இருந்தார்கள்? தன்னைத் துன்பம் தொட்டுவிட்டதாகத் தன் இறைவனிடம் முறையிட்டதை 21ஆவது சூரா 83ஆவது வசனம் சொல்கிறது. அதே ஐயூபைப் பொறுமையாளராகக் கண்டதாக அல்லாஹ்வே 38ஆவது சூராவில் சான்று தருகிறான். முறையீடும் இருந்தது, பொறுமையாளர் என்ற பட்டமும் கிடைத்தது. யஃகூப் (அலை) அவர்களும் தன் துக்கத்தை அல்லாஹ்விடமே முறையிடுவதாகச் சொன்னார்கள்.

"அது அல்லாஹ்விடம் சொன்னது. மனிதரிடம் சொல்லலாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. புகாரியில் 5666ஆவது ஹதீஸைப் பாருங்கள். அன்னை ஆயிஷா (ரலி) தலைவலி தாங்காமல் 'என் தலையே' என்கிற மாதிரி சொல்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள், பொறுமையில்லையா என்று கண்டிக்கவில்லை. தனக்கும் தலை வலிக்கிறது என்று அவர்களும் சொன்னார்கள். இமாம் புகாரி இதைக் கொண்டுவருகிற பாடத்தின் தலைப்பே, நோயாளி தனக்கு வலிக்கிறது என்று சொல்ல அனுமதி உண்டு என்பதுதான். இன்னொரு சமயம் கடும் காய்ச்சலில் இருந்த நபியவர்களை இப்னு மஸ்ஊத் (ரலி) தொட்டுப் பார்க்கிறார்கள். இரண்டு பேருக்கு வருகிற அளவு காய்ச்சல் தனக்கு வருவதாக நபியவர்களே சொன்னார்கள். டாக்டரிடம், மனைவியிடம், நண்பரிடம் உள்ள நிலையைச் சொல்வது வேறு. அல்லாஹ் எனக்கு அநியாயம் செய்துவிட்டான் என்று பேசுவது வேறு. தடுக்கப்பட்டது இரண்டாவதுதான்.

இங்கே ஒரு சம்பவத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹிஜ்ரி 241இல் மறைந்த இமாம் அஹ்மத் (ரஹ்) தன் கடைசி நோயில் முனகிக்கொண்டிருந்தார்கள். தாபியீன்களில் ஒருவரான தாவூஸ் (ரஹ்) நோயாளி முனகுவதை வெறுத்தார்கள் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. அதற்குப் பிறகு மவ்த்தாகும்வரை அவர்கள் முனகவில்லை. மகன்மார்கள் ஆதாரமாக எடுப்பது இதைத்தான். ஆனால் இமாம் நவவி (ரஹ்), முனகுவது மக்ரூஹ் என்ற கருத்தே பலவீனமானது என்கிறார்கள். மக்ரூஹ் என்று சொல்ல அதற்கென ஒரு தடை வந்திருக்க வேண்டும், இதில் அப்படி எதுவும் வரவில்லை என்பது அவர்கள் வாதம். எனக்கு இரண்டும் சரியாகவே படுகிறது. இமாம் அஹ்மத் தன் மீது தானே வைத்துக்கொண்ட பேணுதல் அது. பக்கத்துக் கட்டிலில் கிடப்பவரிடம் போய் "நீ ஏன் முனகுகிறாய்" என்று அவர்கள் கேட்கவில்லை. பேணுதலை நம் உடம்பில் காட்டலாம், அத்தாவின் பல்வலியில் காட்டக் கூடாது.

கூலி விஷயத்துக்கு வருவோம். சோதனைக்கே நன்மையா, பொறுமைக்குத்தான் நன்மையா என்று உலமாக்கள் ஆழமாகப் பேசியிருக்கிறார்கள். இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ் ஸலாம் (ரஹ்), நன்மை பொறுமைக்குத்தான் என்றார்கள். அவர்களுடைய மாணவர் கராஃபி (ரஹ்), துன்பம் பாவங்களுக்குப் பரிகாரமாவது உறுதி, அடியான் அதைப் பொருந்திக்கொண்டாலும் இல்லாவிட்டாலும் சரி. பொருந்திக்கொண்டால் கூடுதல் என்றார்கள். முள் குத்தினால்கூடப் பாவம் அழிகிறது என்ற ஹதீஸில் சத்தம் போடக் கூடாது என்ற நிபந்தனை இல்லையே. ஆகவே அந்தப் பெரியவரிடம், உங்களுடையது எதுவும் வீணாகவில்லை என்றே சொன்னேன்.

அவர் இன்னொன்றும் மெதுவாகச் சொன்னார். அல்லாஹ் எடுத்துக்கொண்டால் தேவலை என்று. இதை மட்டும் நபியவர்கள் தடுத்தார்கள். தடுத்துவிட்டு அப்படியே விடவில்லை. வாழ்வது நலமாக இருக்கும்வரை வாழவை, மவ்த் நலமென்றால் அப்போது எடுத்துக்கொள் என்று கேட்கக் கற்றுத்தந்தார்கள். தாங்க முடியாதவனுக்கும் பேச ஒரு வாசகம் கொடுத்தார்கள். வலிக்கும் இடத்தில் கையை வைத்து மூன்று தடவை பிஸ்மில்லாஹ், ஏழு தடவை பாதுகாப்புத் தேடும் துஆ. உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) அவர்களுக்குச் சொன்னது முஸ்லிமில் இருக்கிறது. கன்னத்தில் கை வைத்து ஓதுங்கள். மாத்திரையும் சாப்பிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்கிற மாத்திரையை 'ஆபரேஷன் வருதே' என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சில மஸ்அலாக்கள். ஒளுவில் வாய் கொப்பளிப்பது ஹனஃபி, ஷாஃபிஈ இரண்டிலும் சுன்னத். தொந்தரவு கூடுமென்றால் விட்டுவிடலாம். பல்லிலிருந்து வரும் ரத்தம் ஷாஃபிஈயில் ஒளுவை முறிக்காது. ஹனஃபியில் உமிழ்நீரைவிட ரத்தம் மிகைத்தால் முறியும். நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று மூலநோயால் அவதிப்பட்ட இம்ரான் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் சொன்னார்கள். புகாரி 1117. பல் எடுத்த அன்று ஜும்ஆவாக இருந்து, வர முடியாத நிலை என்றால் வீட்டில் லுஹர் தொழுதால் போதும்.

நலம் விசாரிக்கப் போகிறவர்கள் பத்து நிமிஷத்தில் எழுந்துவிடுங்கள். அவரால் வாயைத் திறந்து பேச முடியாது. பாங்குக்கு நேரமாகிவிட்டது. சுன்னத் தொழாதவர்கள் தொழுதுகொள்ளுங்கள்.